கொப்பரைத் தராசின் மறுதட்டு

நேற்று நாகர்கோவிலில் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். அறைக்கு வெளியே புதிதாக ஓர் எடை மெஷின் வாங்கி வைத்திருக்கிறார். தட்டும் கிடையாது, சங்கிலியும் கிடையாது. தரையில் ஒரு பலகை, நெஞ்சு உயரத்தில் வட்டக் கண்ணாடி, அதற்குள் ஒரு முள். ஏறி நின்றேன். முள் ஆடிக்கொண்டிருந்தபோது நான் அதைப் பார்க்கவில்லை. பழக்கதோஷம், நேர் எதிரே பார்த்தேன். எதிரே வெள்ளையடித்த சுவரும் அதில் ஒரு காலண்டரும் இருந்தன. உன்னைக் காணவில்லை.

"கையில உள்ள பையைக் கீழ வச்சிட்டு ஏறணும் சாரே," என்றார் கம்பவுண்டர். பையை இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் ஏறினேன். எடை பார்க்க ஓர் ஆள் மட்டும் போதும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை, தடியா.

தடியா என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். என்னை முகத்துக்கு நேராக அப்படிக் கூப்பிட ஊரில் நீ ஒருவன்தான் இருந்தாய். மற்றவர்களுக்கு நான் பள்ளிக்கூட வாத்தியார். முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். நீயும் எனக்குக் குறைந்தவன் இல்லை. கோட்டாற்றில் உன் கொப்பரை மண்டியில் நீ உட்காரும் நாற்காலிக்கு மட்டும் இரும்புக் கால்.

அரிசிக்கு ரேஷன் வந்திருந்த காலம் அது. ஊரில் பாதிப் பேர் மரச்சீனிக் கிழங்கை அவித்து வயிற்றைக் கழுவினார்கள். நம் இரண்டு வீட்டுக்கும் சொந்த வயல், சொந்த நெல். போதாததற்குக் கல்யாண வீடு, கோயில் கொடை, பதினாறாம் நாள் அடியந்திரம் எதையும் நாம் விட்டதில்லை. பந்தியில் பிரதமன் பாயச வாளியோடு வருகிறவன் நம் இலைக்கு முன்னால் வந்ததும் தானாகவே நின்றுவிடுவான். அந்த நாளில் "உடம்பைக் குறைக்கணும்" என்று ஒருவன் வெளியே சொன்னால் ஊர் சிரித்திருக்கும். சிரிப்பதோடு விட்டால் பாக்கியம்.

ஆனால் எனக்குச் சிரிப்பில்லை. பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறினால் வகுப்புக்குள் போகுமுன் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அப்பா ஐம்பதைப் பார்க்கவில்லை. அண்ணன் உண்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இரண்டு பேருக்கும் என்னுடைய உடம்புதான். அண்ணன் போன வயதை நான் தொடும்போது என் மகளுக்குக் கல்யாணமாகியிருக்கவில்லை. வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ராத்திரிக்குச் சோறு வேண்டாம், காணக் கஞ்சி குடியும், விடிந்ததும் நடவும் என்றார். வண்டிக்காளைக்குப் போடுகிற கொள்ளுத் தானியத்தை வாத்தியாருக்கும் போடுகிறார்களே என்று எனக்கு ஆத்திரம். இரண்டு நாள் குடித்தேன். மூன்றாம் நாள் தீயல் குழம்பும் சோறும் கேட்டு வீட்டில் சண்டை போட்டேன்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் நீ வந்தாய். முற்றத்தில் நின்றபடியே கேட்டாய்.

"ஏலே, உனக்க அண்ணன் போகும்போ அவனுக்கு என்ன வயசு?"

"அது எதுக்கு இப்போ?"

"சும்மா கேட்டேன். உனக்கு என்ன வயசு?"

பதிலுக்குக் காத்திராமல் நீயே சொன்னாய். "நாளைக்கு வெளுப்புக்கு வாறேன். ரெண்டு பேரும் நடப்போம். ஒத்தைத் தடியன் நடந்தா ஊரு சிரிக்கும். ரெண்டு தடியனுவ நடந்தா ஊரு பழகிரும். கஞ்சியும் நான் குடிக்கேன், கேட்டியா."

உனக்கு எந்த வைத்தியரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. என் ஒருவனுக்காகத்தான் பிரதமனை விட்டாய்.

தராசு யோசனையும் உன்னுடையது. மேலே உத்தரத்திலிருந்து சங்கிலி போட்டுத் தொங்கும் உன் மண்டியின் பெரிய தராசு, ஒரு தட்டில் கொப்பரை மூட்டையும் மறு தட்டில் இரும்புக் கற்களும் ஏறும் தராசு. முதல் நாள் நடந்து முடித்துவிட்டு வேர்வையோடு மண்டிக்குப் போனோம். "கோயில்ல துலாபாரம் பாத்திருக்கேல்லா? அங்க ஆளுக்கு எதிர பழக்குலை. இங்க தடியனுக்கு எதிர தடியன்," என்று சொல்லி என்னை ஒரு தட்டில் தள்ளிவிட்டு நீ மறு தட்டில் ஏறினாய். தராசு இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு நேராக நின்றது. அணுவளவு வித்தியாசம் இல்லை. மண்டியில் எடை போடுகிறவர் சங்கிலியை விட்டுவிட்டுச் சிரித்தார். "ரெண்டும் ஒரே தோப்புக் காய்," என்றார். மாசப் பிறப்புதோறும் இதே தட்டில் உட்காருவது, யார் தட்டு மேலே போகிறதோ அவன் ஜெயித்தவன், தோற்றவன் ஜெயித்தவனை அண்ணாச்சி என்று கூப்பிட வேண்டும் என்று அங்கேயே பேசி முடித்தோம்.

நடந்தோம். குளத்தங்கரை வழியாக, உபரித் தண்ணீர் வழியும் கலுங்கைத் தாண்டி, மலையடிவாரத்துப் புளியமரம் வரைக்கும் போய்த் திரும்புவது. வயலில் நிற்கிறவர்கள் முதலில் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிறகு நம்மைப் பார்த்து நேரம் தெரிந்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மணவாளக்குறிச்சிக்குப் பஸ் ஏறிப் போய்க் கடற்கரைக் கரிமணலில் நடப்போம். மணலில் கால் புதையப் புதைய நடந்தால் கொழுப்பு சீக்கிரம் கரையும் என்று உனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு மூச்சு முட்டி நான் உட்காரும்போதெல்லாம் நீ முன்னால் போய் நின்றுகொண்டு, "வாரும் வாத்தியாரே, மகளுக்க கல்யாணத்துக்கு நீரு நடந்து வரணுமா, உம்ம தூக்கிட்டு வரணுமா?" என்பாய். கோபத்தில் எழுந்துவிடுவேன். அதுதான் உனக்கு வேண்டும்.

மாசப் பிறப்பில் உன் தட்டு மேலே போயிற்று. அடுத்த மாசமும். அதற்கடுத்த மாசம் என் தட்டு தரையில் முட்டியது, நீ உயரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டினாய். எனக்கும் உடம்பு குறைந்துதான் இருந்தது, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஆனால் உனக்குக் குறைந்த வேகம் வேறு. கழுத்து எலும்பு தெரிந்தது. கோட்டாற்றுக் கடைக்காரர்கள் உன்னை நிறுத்தி, வாலிபனாக ஆகிவிட்டீரே, என்ன மருந்து என்று கேட்டார்கள். நீ என்னைக் காட்டி, வாத்தியார் மருந்து என்றாய். போகிற வழியில் கிணறு தென்பட்டால் நின்று நின்று தண்ணீர் குடித்தாய். நடை ஜாஸ்தி, தாகம் எடுக்கிறது என்றாய். ஊர் முழுக்க உன் மெலிவைக் கொண்டாடியது. அதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சாப்பாடு உள்ள வீட்டில் ஒரு மனிதன் உருகிப்போவதை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

அப்புறம் கரிமணலில் ஒரு சிப்பி உன் குதிகாலைக் கிழித்தது. சின்னக் காயம். அது ஆறவேயில்லை. நீ நாகர்கோவிலுக்குத் தனியாகப் போய்விட்டு வந்தாய். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "செருப்பு மாத்தச் சொன்னாரு," என்றாய். அன்றிலிருந்து கலுங்கு வரைக்கும்தான் வந்தாய். அங்கே கல்லில் உட்கார்ந்துகொண்டு, "நீ புளியமரத்தைத் தொட்டுட்டு வா லே. தொடாம பாதியில திரும்பினா எனக்குத் தெரிஞ்சிரும்," என்பாய். நான் திரும்பி வரும்வரை அங்கேயே இருப்பாய். மழையிலும் குடையோடு இருந்தாய்.

அந்த ஓணத்துக்கு முந்தின மாசப் பிறப்பில் உன் தட்டு இன்னும் ஏறி நின்றது. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. சொந்தக்காரர் வீட்டு ஓண விருந்தில் மூன்று தடவை பிரதமன் வாங்கிக் குடித்தேன். மறுநாள் நடக்க வரவில்லை. நீ கம்பை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். "நீ ஜெயிச்சே, போரும். என்னால ஏலாது," என்று உன்னைத் திட்டி அனுப்பினேன். நீ கம்பை மாற்றி ஊன்றிக்கொண்டு, "மாசப் பிறப்புக்கு மட்டும் வா மக்கா. அதுக்குப் பொறவு விட்டுருவோம்," என்றாய்.

மாசப் பிறப்புக்கு வந்தேன். உன் தட்டில் புதிதாக ஒரு சாக்கு மெத்தை கிடந்தது. "பலகையில இருந்தா எலும்பு குத்துது," என்றாய். நான் உட்கார்ந்தேன், நீயும் உட்கார்ந்தாய். தராசு ஆடி ஆடி நேராக நின்றது. முதல் நாள் நின்ற மாதிரியே.

"பிடிச்சிட்டியே லே," என்றாய். "ஓணம் கழிஞ்ச சதயத்துல நானும் கொஞ்சம் பிரதமன் குடிச்சேன். அதுதான் சதி பண்ணிட்டு."

நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? மறுநாள் நட்சத்திரம் மறையுமுன் கிளம்பினேன். உன்னைத் தாண்டிவிடலாம் என்ற எண்ணம் காலுக்குச் சக்கரம் கட்டிவிட்டது. அடுத்த மாசம் என் தட்டு விரற்கடை மேலே போயிற்று. அதற்கடுத்த மாசம் ஒரு சாண். நீ கீழே இருந்தபடி கையைக் கூப்பி, மண்டியில் அத்தனை பேர் கேட்க, "அண்ணாச்சி" என்றாய். உன் முகம் ஒடுங்கிக் கண் மட்டும் பெரிதாக இருந்தது. எனக்கு அந்த அண்ணாச்சி மட்டுமே காதில் விழுந்தது.

நான் மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறத் தொடங்கிய தை மாசத்தில் நீ படுத்தாய். அழுகிய காலை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள், ஊசி போட்டுப் பார்த்தார்கள். நீரிழிவு என்ற சொல்லை உன் வீட்டு வாசலில்தான் நான் முதல்முதலாகக் கேட்டேன். மாசி பிறக்கவில்லை, நீ போய்விட்டாய்.

பதினாறாம் நாள் கழித்து உன் மனைவி அந்தச் சாக்கு மெத்தையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இடுப்பில் தூக்கி வந்திருந்தாள், அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இதை ஒங்ககிட்ட ஏல்பிச்சுக் குடுக்கச் சொன்னாவ அண்ணாச்சி. தச்சது நான்தான்."

தூக்கினேன். கை இறங்கியது. தையலைப் பிரித்தேன். உள்ளே பஞ்சு கொஞ்சம், மற்றதெல்லாம் மண்டியின் எடைக்கற்கள். துணியில் சுற்றி, சத்தம் கேட்காதபடி அடுக்கித் தைத்திருந்தாள்.

"மாசா மாசம் ஒரு கல்லு கூட்டி வைக்கச் சொல்லுவாவ," என்றாள். "உள்ள விசயத்தை அண்ணாச்சிகிட்டச் சொல்லப்பிடாதான்னு அழுதேன். சொன்னா அவன் நடக்கதை விட்டுட்டு எனக்க கட்டில்மாட்டுல வந்து இருந்துருவான், அவனுக்க அண்ணன் போன வயசுல நிக்கான்னு சொல்லிட்டாவ."

எனக்கு உன் மேல் கோபம், தடியா. இன்று வரைக்கும் கோபம்தான். கட்டில்மாட்டில் வந்து உட்கார்ந்திருப்பேன், உண்மைதான். உட்கார்ந்தால் என்ன? உன் கடைசி மாதங்களை நான் புளியமரத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்புவதில் செலவழித்தேன். நீ கல்லில் தனியாக உட்கார்ந்திருந்தாய். அங்கே உட்கார்ந்து என்ன நினைத்தாய் என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

மகள் கல்யாணத்துக்கு நடந்துதான் போனேன். போன மாசம் பேரன் பிறந்தான். அண்ணன் வயதைத் தாண்டி, அப்பா வயதையும் தாண்டிவிட்டேன். அடுத்த மாசம் நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேரப் போகின்றன. ஊரே அதைத்தான் பேசுகிறது. நீ இருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்திருப்பாய். இப்போதும் ராத்திரிக்குக் காணக் கஞ்சிதான். காணம் வறுக்கிற மணம் வந்ததும் எனக்கு உன் ஞாபகம் வரும் என்று தெரிந்து வீட்டில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுப்பதில்லை.

நேற்று டாக்டர் முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படி உடம்பை வைத்திருக்கிறீரே, கொள்ளாம் என்றார். நான் தலையை ஆட்டினேன். கம்பவுண்டர் கீழே இருந்த பையை எடுத்துக் கொடுக்கக் குனிந்தவர், "இதுக்குள்ள என்ன சாரே, இந்தக் கனம் கனக்குது?" என்று கேட்டார்.

உன் கற்களில் ஒன்று. மற்றவற்றை மண்டிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கடைசியாகக் கூட்டி வைத்த ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. நடக்கப் போகும்போதெல்லாம் அது என் பையில் வரும். கலுங்கு வந்ததும் அதை எடுத்து நீ உட்கார்ந்த இடத்தில் வைத்துவிட்டு, புளியமரத்தைத் தொட்டுவிட்டு வந்து எடுத்துக்கொள்வேன். பாதியில் திரும்பியதில்லை.

"கூட்டாளிக்க சாமானம்," என்று அவரிடம் சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டேன்.