கீழ்மடைப் பச்சை

ஆனி 20, திங்கள்
காலையில் தூறல். கடற்படை ஆபீசிலிருந்து அவர் தகரப்பெட்டி வந்தது. சட்டை நான்கு, ஷேவிங் பிரஷ், வாட்ச், அவர் வரைந்த வாட்டர்கலர் படம் பன்னிரண்டு. எல்லாம் அந்தமான் பக்கத்துத் தீவு. காய்ச்சலில் அங்கேயே போனார். எனக்குச் சாம்பல்தான் வந்தது.
கீழ்மடை வயலில் நேற்று குத்தகைக்காரர்களே நட்டுவிட்டார்களாம். வரப்பில் சிவப்புக் கொடி. கொழுந்தனார் தாலுகா ஆபீசுக்கு ஓடுகிறார். "நில உச்சவரம்புன்னு எல்லாத்தையும் எடுத்துக்குவாங்க அண்ணி. கவர்மெண்ட்டே அவங்க பக்கம்."
காபிப்பொடி தீர்ந்துவிட்டது.

ஆனி 21, செவ்வாய்
படங்களைப் பாயில் பரப்பினேன். தென்னை, மணல், கடல். ஒன்றில் மட்டும் கரையோரத் தண்ணீருக்கு என்ன ஒரு பச்சை. எத்தனை நேரம் உட்கார்ந்து பார்த்தால் இப்படி வரும். என்னை அப்படிப் பார்த்ததில்லை. லீவில் வந்தால் பேப்பர், தூக்கம். நம்ம வயலை வரையுங்களேன் என்று ஒரு தடவை கேட்டேன். "அதுல என்ன இருக்கு மரகதம், தினம் பாக்கறதுதானே." தினம் பார்த்தது நான்.
இன்னொருத்தி என்றால் மூஞ்சியாவது தெரியும். தீவோடு எப்படிச் சண்டை போடுவது.

ஆனி 23, வியாழன்
இங்கிலீஷில் ஒரு கடிதம். அவர்கூட வேலை பார்த்த ஆபீசர் தாமஸ். கொழுந்தனார் படித்துச் சொன்னார்: ஆபீசர்கள் சாப்பிடும் ஹாலில் மாட்டப் படங்களைக் கேட்கிறாராம். திங்கட்கிழமை வருகிறார். "குடுத்துடுங்க அண்ணி, நமக்கு எதுக்கு?" பார்க்கவும் பிடிக்கவில்லை, கொடுக்கவும் மனசில்லை.
அந்தப் பச்சை உள்ளதை மட்டும் அவர் போட்டோ பக்கத்தில் மாட்டினேன்.

ஆனி 24, வெள்ளி
வெள்ளிக்கிழமை வழக்கம்போல் சாமி படம், அவர் போட்டோ எல்லாம் ஈரத்துணியால் துடைத்தேன். தீவையும். அதற்குக் கண்ணாடி இல்லை. துணியில் பச்சை. சாயம் போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. போகட்டும் என்று அழுத்தித் துடைத்தேன்.
கடல் போன இடத்தில் பென்சில் எழுத்து. அவர் கை. எங்கே என்ன நிறம் என்று முதலில் குறித்துக்கொள்வார் போல. மங்கல், எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'கீழ்மடை. நட்டு எட்டு நாள்.'
சமைக்கவில்லை.

ஆனி 26, ஞாயிறு
பொறாமை தீரவில்லை. நம்ம வயல் பச்சையைக் கொண்டுபோய் அவளுக்குப் பூசியிருக்கிறார்.
மற்ற பதினொன்றிலும் என்ன எழுதியிருக்கிறதோ. துணியை நனைத்தேன். பிழிந்து கொடியில் போட்டுவிட்டேன்.

ஆனி 27, திங்கள்
வெயில். இன்றோடு எட்டு நாள். கொழுந்தனாருக்குத் தெரியாமல் கீழ்மடைக்குப் போனேன், அந்தத் தாளோடு. குத்தகைக்காரர் பெண்டாட்டி அஞ்சலை மடை அடைத்துக்கொண்டிருந்தாள்.
"என்னங்கம்மா, கொடியப் புடுங்க வந்தீங்களா?"
"பயிரப் பாக்க வந்தேன்."
"பாருங்க. பாக்கறதுக்கு யாரும் குத்தகை கேக்க மாட்டாங்க."
தாளின் ஓரத்தில் கொஞ்சம் பச்சை ஒட்டியிருந்தது. பயிர்ப் பக்கத்தில் பிடித்தேன். அதேதான்.
வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் ஜீப். தாமஸ் படங்களை எண்ணினார். "பன்னிரண்டுன்னு ஞாபகம், சிஸ்டர்."
"வந்ததே பதினொண்ணுதான்" என்றேன்.