இளையவன் ஏன் வரவில்லை

மார்ச் 3

அக்காவுக்கு,

நலமா? பல வருஷம் கழித்து எழுதுகிறேன். வேலை விஷயம்தான், பயப்படாதே. நீ கல்லூரியில் நடத்தும் அந்தப் பழைய காவியத்தை நாங்கள் கம்ப்யூட்டர் விளையாட்டாக்குகிறோம். ஆடுபவர் கதைக்குள் நடமாடலாம், பாத்திரங்களோடு பேசலாம். பதில்களைச் செயற்கை நுண்ணறிவு அப்போதைக்கப்போது உண்டாக்கும். அதைக் கரைத்துக் குடித்தவள் நீ. ஆடிப் பார்த்து, எங்கே சொதப்புகிறது என்று சொல்வாயா?

தம்பி

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

"வேலை விஷயம்தான்" என்றதைப் படித்துச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் வலித்தது.

அரண்மனைக் காவலாளி என்னை "வாங்க மேடம்" என்கிறான். மாற்று. மகாராணி பிரமாதமாகச் சண்டை போடுகிறாள். "யாரோட இந்தக் கத்தல்?" என்று உன் அத்தான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அண்ணனின் முடிசூட்டுக்கு இளையவன் வரவில்லை என்று காவியத்தில் ஒரே வரி. காரணம் கிடையாது. மாணவர்கள் கேட்டால் மழுப்புவேன். இங்கே அவனையே கேட்கலாமே! கேட்டேன். குதிரை நொண்டியது என்றான். மறுபடி கேட்டால் பொறாமை என்றான். அப்புறம் காய்ச்சலாம். எதுடா உண்மை?

அக்கா

மார்ச் 15

அக்கா,

காவலாளியைத் திருத்திவிட்டோம். இளையவன் விஷயம் அந்த இயந்திரத்துக்கும் தெரியாது. காவியத்தில் இல்லாததைக் கேட்டால் பொருத்தமாக எதையாவது கட்டிவிடும். "தெரியாது" என்று அதைச் சொல்லவைக்கத்தான் படாதபாடு படுகிறோம்.

அத்தானைக் கேட்டதாகச் சொல். அவரைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

தம்பி

மார்ச் 20

தம்பி,

உன் கடைசி வரியைத் தாண்டி எதுவும் ஓடவில்லை. இளையவனை மூன்று தடவை குடைந்தேன். உன்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

என் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை? லீவு கிடைக்கவில்லை என்று நீ எழுதியதாக அப்பா சொன்னார். குடும்பப் படம் எடுக்கும்போது என் பக்கத்தில் யாரையும் நிற்கவிடவில்லை, தெரியுமா? பொருத்தமாக எதையும் கட்டிச் சொல்லாதே.

அக்கா

மார்ச் 24

அக்கா,

லீவா? கல்யாணம் நடந்ததே எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். அப்பா ஒரு கார்டு போட்டிருந்தார், நான் வர வேண்டாமென்று நீதான் சொன்னாயாம். படிப்பைப் பாதியில் விட்டதில் உனக்கும் என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். நீ அப்படிச் சொன்னாயா, அக்கா?

தம்பி

மார்ச் 28

என் தம்பிக்கு,

இல்லை. சத்தியமாக இல்லை.

உன் கடிதத்தோடு நேராக அப்பா அறைக்குப் போனேன். டிவி சத்தத்தைக் கூட்டினார். அணைத்தேன். "ஏம்ப்பா?" என்றேன். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"படிப்பை விட்டவன்கூட இனி பேச்சே கிடையாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிவெச்சிருந்தேன். அவன் வந்து எதிர்ல நின்னா பேசிடுவேனேம்மா."

எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. உனக்கு எப்படி இருக்குமோ. இன்று காலை அப்பா சவரம் செய்துகொண்டு வந்து, "அவன் செய்யற விளையாட்டுல கெழவன் யாராவது இருக்கானா? அந்தக் கெழவன்கிட்ட என்ன கேக்கறாங்க?" என்று என்னிடம் விசாரிக்கிறார்.

எனக்கெப்படித் தெரியும்? நீ வந்து சொல்.

உன் அக்கா