திக்காமல் பேசும் கடைசிப் பக்கம்

ஆங்கஸ்,

மெல்போர்ன் விமானத்துக்குக் கிளம்பிவிட்டேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய், நேற்றைய சண்டைக்குப் பிறகு கதவைத் தட்டத் தயக்கமாக இருந்தது. பூசணி சூப் பிரிட்ஜில் இருக்கிறது. மேவுக்கு மூன்றரைக்கு நீச்சல் வகுப்பு. என் வீட்டுச் சாவியைக் காணோம், உன்னுடையதை எடுத்துப்போகிறேன், பின்கதவைப் பூட்டாதே.

நீ சொன்னது சரிதான். நம் மகள் மேவின் திக்குவாயை வைத்துப் படக்கதை வரைந்துவிட்டு, அவளிடமே கேட்காதது தப்பு. இன்று காலை எல்லாப் பக்கங்களையும் சமையலறைத் தரையில் பரப்பிக் காட்டினேன். டோஸ்ட்டைக் கடித்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இது நான்தானே?" என்றாள். ஆமாம் என்றேன்.

"கடைசியில மட்டும் எ-எப்படிம்மா திக்காம பேசுறா? நான் இன்னும் அப்படிப் பேசலையே."

கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

பதிப்பாசிரியர் ஹெலனுக்கு அந்த முடிவுதான் ரொம்பப் பிடித்திருந்தது. திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய புத்தகம். இரண்டு வருட வேலையை வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. போனில் சொல்லத் துணிவில்லை. மெல்போர்னில் அவரை நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பிரைனி

இடமில்லாமல் ஓரத்தில் எழுதுகிறேன்: எப்படி முடிக்கட்டும் என்று மேவிடமே கேட்டேன். "அவ பா-பாதியில நிக்கட்டும். எல்லாரும் சும்மா காத்திருக்கட்டும்" என்றாள்.

"உனக்கு அப்படி யாருமே காத்திருக்கிறதில்லையா?" என்றேன்.

"அப்பா காத்திருப்பாரு. நீதான் மு-முந்திக்கிட்டு சொல்லி முடிச்சிடுவ."