நீங்கள் மூடிய இரண்டு அறைகள்

பாய்,

நேற்று அந்த இரண்டு அறைகளையும் திறந்தோம். மணலை அள்ளி, நீங்கள் விரித்த துணியை உருட்டியதும் ஈர மண்செங்கல் வாசம் எழுந்தது. சாந்து பூசிய சுவர் அப்படியே இருக்கிறது. ஒரு மூலையில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பூசியவரின் விரல் தடம்கூடத் தெரிகிறது.

ஷார்ஜாவின் உட்பகுதியில், ஏதோ ஒரு பழைய வணிகரின் இந்தப் பண்ணை வீட்டைத் தோண்டி எடுக்க நாம் நான்கு குளிர்காலம் உழைத்தோம். தளத்துக்கு நான் பொறுப்பு. கீழக்கரையிலிருந்து வந்து முதலில் துணிக்கடையில் வேலை பார்த்த நீங்கள் எங்களுக்குப் போர்மேன். ரோமாபுரிக் கண்ணாடிக் குப்பியின் உடைசல் கிடைத்த அன்று, "நம்ம கடக்கரைக்கும் வந்தவங்கதானே சார்" என்று சிரித்தீர்கள்.

நான்காவது குளிர்காலத்தின் கடைசியில் மழை வரும் என்றார்கள்.

"இன்னிக்கே மண்ணப் போட்டு மூடிருவோம் சார்."

"நாளை மறுநாள் பெரிய அதிகாரிங்க பாக்க வர்றாங்க பாய். திறந்தே இருக்கட்டும்."

"அவங்க இன்னொரு நாள் வரலாம். செவரு போனா வராது."

நான் கேட்கவில்லை. பின்னறைகள் இரண்டை மட்டும் மூடிக்கொள்ளச் சொன்னேன். நடுக்கூடத்துக்கு வெறும் தார்ப்பாய். அன்றிரவு மழையோடு வந்த காற்று அதை எங்கோ கொண்டுபோனது. விடிந்தபோது, வண்ணம் தீட்டிய மேற்குச் சுவர் சேறாகக் கிடந்தது. நீங்கள் மண்டியிட்டுச் சாந்துத் துண்டுகளைத் தட்டில் பொறுக்கினீர்கள்.

ஒரு வாரம் கழித்து, அறிக்கையில் என்ன எழுதினேன் என்று கேட்டீர்கள். "எதிர்பாராத மழை" என்றேன்.

"எதிர்பாத்தோமே சார்."

அவ்வளவுதான் சொன்னீர்கள். நான் மாற்றவில்லை. அந்த வருட லீவில் ஊருக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. மாரடைப்பு என்று உங்கள் மகன் போனில் சொன்னார்.

நேற்று மாலை இறுதி அறிக்கையில் அந்த வரியை எடுத்துவிட்டேன். மழை வரும் என்று தெரியும், போர்மேன் மூடச் சொன்னார், நான் மறுத்தேன் என்று எழுதி, உங்கள் பெயரை முழுதாகப் போட்டேன். புதிதாக வந்த பொறியாளர் படித்துவிட்டு, "இத எழுதித்தான் ஆகணுமா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கூடம் இருந்த இடம் இப்போது ஒரு மண்மேடு. இத்தனை நாள் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். இன்று காலை அதன் முன் நின்று, மிச்சம் இருக்கும் அடிச்சுவரை அளந்தேன்.