அலாவெர்தி எதேரிக்கு

தெலாவிக்குப் பக்கம்,
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என் மகள் தெக்லேவுக்கு, உன்னைப் பெற்ற எதேரி எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் நாயும் கோழிகளும் சுகமாகவே இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை நோதாரும் உன் வயிற்றில் இருப்பதும் எங்களைவிடச் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் மாதாவிடம் சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறை, ஊறுகாய் டப்பாவை மாப்பிள்ளையிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல். போனில் கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறாய், நானும் அப்படியேதான் சொல்கிறேன், ஏனென்றால் பக்கத்தில் உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால்தான் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன். பொறுமையாகப் படி, கடைசி வரைக்கும் படி, நடுவில் அழுதுவிட்டுப் போனை எடுக்காதே.

உன்னிடம் வருவதற்கு எனக்குக் கனடா விசா வந்து குளிர்காலமே கழிந்துவிட்டது. உன் அப்பா போகாதே என்று ஒரு நாளும் சொல்லவில்லை, அதை முதலில் எழுதிவிடுகிறேன், அவர் மேல் கோபப்படாதே. திராட்சைக் கொடி வெட்டி முடியட்டும் எதேரி என்றார், வெட்டி முடித்தோம். ஈஸ்டர் வரட்டும், மண்ணுல புதைச்ச ஒயின் சாடியைத் திறக்கறப்ப நீ இல்லாம எப்படி என்றார், ஈஸ்டரும் வந்தது, சாடியும் திறந்தாயிற்று. இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வேன் வேனாக நம் முற்றத்தில் வந்து இறங்குகிறார்கள், கிராமத்து வீட்டுச் சாப்பாடு வேண்டுமாம், வீட்டு ஒயின் வேண்டுமாம், இவங்களை விட்டுட்டு எப்படிப் போவ என்கிறார். இவர்கள் போனால் திராட்சை பறிப்பு, பறித்ததை மிதித்துச் சாடியில் இறக்கினால் கல்யாணக் காலம். விருந்தாளி என்பவர் கடவுள் அனுப்பி வருகிறவர் என்று நம் ஆட்கள் சொல்வார்கள், அந்தக் கடவுளுக்கு எங்கள் வீட்டு விலாசம் ஒன்றுதான் தெரியும் போலிருக்கிறது.

உன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விருந்துமேசைக்குத் தலைவராக தமாதா என்று ஒருவரை உட்காரவைத்தால் இந்தப் பள்ளத்தாக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை. கல்யாணமா, சாவா, ஞானஸ்நானமா, வாஜாவைக் கூப்பிடு என்பார்கள். அவர் கோப்பையைத் தூக்கிப் பேச ஆரம்பித்தால் கல்லும் கரையும். எனக்கு அதில் பெருமைதான், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஒன்று கேள். கடவுளுக்குக் குடிப்பார்கள், மண்ணுக்குக் குடிப்பார்கள், இறந்தவர்களுக்குக் குடிப்பார்கள், பிறகு பெண்களுக்குக் குடிப்பார்கள். அதற்கு ஆண்கள் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், உன் அப்பா தாய் என்றும் தெய்வம் என்றும் பேசிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்த நேரம் பெண்களெல்லாம் எங்கே இருப்போம்? அடுக்களையில், மாவு ஒட்டிய கையோடு. எனக்காகக் குடித்த சத்தத்தை நான் இத்தனை வருஷமும் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துதான் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை அம்மா. புருஷன் கை நீட்டுகிறவர் இல்லை, சாடியில் ஒயின் இருக்கிறது, தோட்டத்தில் கீரை இருக்கிறது. குறை இருந்தால் சண்டை போட்டுக் கிளம்பிவிடலாம், குறையில்லாத வீட்டிலிருந்து என்ன சொல்லிக் கிளம்புவது? குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறேன், சட்டியோ பளபளவென்று இருக்கிறது, பார்க்கிறவர்கள் உனக்கென்னம்மா குறைச்சல் என்கிறார்கள். சில நாள் மாவு பிசையும்போது மூச்சு முட்டுகிறது, ஜன்னலைத் திறந்தாலும் முட்டுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக் குராம் இருக்கிறாரே, அவர் மகன் தெலாவியில் ஒரு ரெஸ்டாரண்ட் திறந்திருக்கிறான். நேற்று மத்தியானம் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். வாஜா வராட்டியும் பரவாயில்ல, எதேரி வரணும், அவ நாக்கு சரின்னு சொல்லிட்டா ஊரே வந்து சாப்பிடும் என்றார் குராம். நீல உடையைப் போட்டுக்கொண்டு போனேன், இடுப்பில் கொஞ்சம் பிடிக்கிறது, அதை விடு. மேலே ஒரு மாடம், கீழே பள்ளத்தாக்கு முழுக்கக் கொடிகள், தூரத்தில் மலை மேல் பனி. வெள்ளைத் துணி விரித்த மேசை. முதலில் வால்நட் அரைத்து வைத்த கத்தரிக்காய் வந்தது, பூண்டு ஒரு பிடி அதிகம், சொல்லிவிட்டேன். கறி வைத்த கின்காலிக் கொழுக்கட்டை வந்தது, நான் மடிப்பதைப் போல அத்தனை மடிப்பு இல்லை, ஆனால் முடிச்சைப் பிடித்துக் கடித்ததும் உள்ளேயிருந்த சாறு முழங்கை வரை ஓடியது, அதற்கு மன்னித்துவிட்டேன். அப்புறம் ஆட்டுக்குட்டிக் கறி, பச்சைப் பிளம்ஸும் டாராகன் தழையும் போட்டு வேகவைத்தது, மண்சட்டியோடு ஆவி பறக்கக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான் அந்தப் பையன். முதலில் எனக்கு வைத்தான். சூடாக இருக்கும்போதே ஒரு கவளம் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. அவர்கள் ஊற்றிய சிவப்பு ஒயின் பல்லைக் கறுப்பாக்குகிற கெட்டி, வாயில் வைத்தால் மல்பெரிப் பழம், நம் வீட்டுச் சாடியிலிருந்து வருவதைவிட நன்றாக இருந்தது, இதை உன் அப்பாவிடம் சொல்லிவிடாதே. காலித் தட்டைப் பார்த்ததும் கை தானாக நீண்டது, இரண்டு தடவை எழுந்து அடுக்கப் போனேன். குராம் பெண்டாட்டி லமாரா என் பாவாடையைப் பிடித்து இழுத்து, உக்காருடி, இங்க உனக்கு அடுக்களை கிடையாது, அழகா உக்காந்து தின்னு என்றாள். உட்கார்ந்து தின்றேன்.

அங்கேயும் உன் அப்பாதான் தமாதா, வேறு யார்? வரிசையாகக் குடித்து வந்தார்கள், பெண்களுக்கான முறை வந்தது. உன் அப்பா எழுந்தார், என்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே பேசினார். இந்தக் கையால பிசைஞ்ச ரொட்டியத் தின்னுதான் நான் மனுஷனானேன், எதேரி இல்லாட்டி என் வீட்டு அடுப்பு அவிஞ்சுபோகும், என் நாக்கும் அவிஞ்சுபோகும் என்றார். லமாரா மூக்கை உறிஞ்சினாள். வழக்கமாகப் பேச்சை முடித்ததும் குராமிடம் அலாவெர்தி சொல்லித் தள்ளிவிடுவார், நேற்று ஒயின் கொஞ்சம் ஏறியிருந்ததோ என்னவோ, விளையாட்டாக, அலாவெர்தி எதேரிக்கு என்றார். அலாவெர்தி வந்தால் வாங்கியவர் எழுந்து அதே பேச்சைத் தன் வார்த்தையால் நீட்ட வேண்டும், முடிக்கிறவரை தமாதாவே ஆனாலும் குறுக்கே பேசக்கூடாது, இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குராம் சிரித்தார். எதேரி என்ன பேசுவா, உப்பு சரியா இருக்கான்னு கேட்டுட்டு உக்காந்துருவா என்றார்.

நான் எழுந்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வாஜா அழகாப் பேசினாரு, நான் அவருக்கு மேல என்ன பேச, அதனால ஒரு பொண்ணுக்காக மட்டும் குடிக்கிறேன் என்றேன். என் பொண்ணு தெக்லேவுக்காகக் குடிக்கிறேன், அந்தக் குளிர் ஊருல அம்மா இல்லாம பிரசவத்துக்குக் காத்துக்கிட்டிருக்கா, அவ வயித்துல இருக்கறதுக்காகக் குடிக்கிறேன், கொடி பூத்து முடியறதுக்குள்ள நான் அவகிட்டப் போகப்போறேன், குழந்தை நடக்கற வரைக்கும் அங்கதான் இருக்கப்போறேன், அந்தப் பயணத்துக்காகக் குடிக்கிறேன் என்றேன். சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்துக் கவிழ்த்துக் காட்டினேன். கோப்பையைத் தூக்கிச் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது, கேட்டவர்கள் குடிக்காமலும் இருக்க முடியாது. முதலில் லமாராதான் எழுந்தாள், போய்ட்டு வாடி என்று சொல்லி மடக்கென்று குடித்தாள். குராம் குடித்தார். கடைசியில் உன் அப்பா. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்தால் நானே இல்லை இல்லை சும்மா சொன்னேன் என்று சொல்லியிருப்பேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தாயா? வாஜாவை யார் என்று நினைத்தாய்! கோப்பையை மறுபடி நிரப்பினார். வழி போகிறவர்களுக்காக ஒரு கோப்பை என்றார். போறவங்க நல்லபடியா திரும்பணும், திராட்சை பறிக்கறதுக்கு முன்னாடி எதேரி தன் வீட்டு வாசல்ல நிக்கணும், அதுக்குக் குடிப்போம், அடிவரைக்கும் குடிப்போம் என்றார். பார்த்தாயா அம்மா! ஜூலையில் பிறக்கிற குழந்தை செப்டம்பரில் எங்கே நடக்கும், தலைகூட நிற்காது. நான் சொன்னதை மறுக்கவில்லை, நான் திறந்த கதவைப் பாதி சாத்திவிட்டார். தன் திரும்புதலுக்காகக் குடிக்கமாட்டேன் என்று எவள் சொல்வாள்? அது அபசகுனம். குடித்தால் வாக்கு கொடுத்ததாக ஆகும். மத்தளம்போல இரண்டு பக்கமும் இடி எனக்கு. எல்லோரும் குடித்துவிட்டு என்னையே பார்க்கிறார்கள். நானும் வாயில் வைத்தேன், குடித்தேன், பாதியில் நிறுத்திக் கீழே வைத்துவிட்டேன். பாதி ஒயின் அப்படியே இருந்தது. உன் அப்பா மேசையில் ஒரு சொட்டு மிச்சம் இருந்தால்கூட விடமாட்டார், பிஷப்பாக இருந்தாலும் கோப்பையைக் காட்டிக் குடிக்க வைப்பார், மிச்சம் வெச்ச ஒயின் கொடுக்காத வாக்கு என்பார், உனக்குத் தெரியும். அவர் என் கோப்பையைப் பார்த்தார். அதைக் காட்டி என்னைக் குடிக்க வைக்கவில்லை. பிறகு எழுந்து, எல்லாப் புனிதர்களுக்காகவும் குடிப்போம் என்றார். அது கடைசிக் கோப்பை, அதைச் சொன்னால் விருந்து முடிந்தது. பழமும் காப்பியும் இன்னும் வரவேயில்லை. குராம் என்னய்யா அவசரம் என்று கேட்டதற்கு, வயசாயிடுச்சு என்றார்.

டாக்ஸியில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலை. இன்று காலை நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் அடுக்களையில் என் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், கையில் காய்ந்த பீன்ஸ் விதை டப்பா. இத எத்தனை நேரம் ஊற வைக்கணும் எதேரி என்று கேட்டார். ராத்திரி முழுக்க ஊறணும் என்றேன். அப்ப இன்னிக்கு வேகாதா என்றார். நேரமாகும், தண்ணி நிறைய ஊத்தி, தீயக் குறைச்சு வெச்சு, பக்கத்துலயே நிக்கணும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு சட்டியை எடுத்தார். கோழிக் கூட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். இத்தனை வருஷம் அவர் பேசிய பேச்சையெல்லாம் தாங்கிவிட்டேன், இந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. போக விட்டுவிட்டார் தெக்லே, அதனால்தான் போவது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் வருகிறேன்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், சுகமாகப் பெற்றெடு, பால் பொங்கட்டும், உன் கஷ்டமெல்லாம் எனக்கு வரட்டும். மாப்பிள்ளையை மாடிப்படியில் பனியைப் பார்த்து நடக்கச் சொல், இன்னும் அங்கே பனி இருக்கிறதா? முக்கியமான விஷயம், மறக்காதே: டிக்கெட் வருவதற்கு மட்டும் போடு. திரும்பும் தேதி எதுவும் போடாதே, அதை நானே பிறகு சொல்கிறேன்.

இதை எழுதும்போதே அடுக்களையிலிருந்து பீன்ஸ் அடிப்பிடிக்கிற வாடை வருகிறது. கரண்டி சட்டியைச் சுரண்டுகிறது, அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானும் எழுந்து போகவில்லை.

முத்தங்களுடன்,
உன் அம்மா எதேரி