பெயர் சொல்லாமல் சொன்னது

மார்ச் 3

அன்புள்ள வாலு,

நலமா? சிறைக்குப் போனதும் பிடித்த அந்த இருமல் நின்றதா? கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். "பைத்தியமா உனக்கு? இந்தச் சம்பளத்தை யாராவது விடுவாங்களா?" என்றார் மேலாளர். கைதிகளுக்காகச் சட்டத்தை மாற்றச் சொல்லி வாதாடும் ஒரு சின்ன அமைப்பில் சேர்ந்திருக்கிறேன். ஒரே அறை, வழக்கறிஞர் அம்மா ஒருவர், நான். அவர் நீதிமன்றம் போய்விட்டால் பேச்சுத்துணைக்கு மின்விசிறிதான். கைதிகள் வாரம் ஒருமுறை வீட்டோடு ஃபோனில் பேச அனுமதி வேண்டும் என்று அரசுக் குழு முன்னால் பேசப் போகிறேன். எல்லாம் உன்னால்தான், கழுதை.

உன் அக்கா

மார்ச் 14

அக்கா,

இருமல் போகவில்லை, பழகிவிட்டது. கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியது போதாதென்று இனி அரசாங்கத்தோடா? ஃபோன் மட்டும் வாங்கிக் கொடு, உனக்குச் சிலை வைக்கிறேன்.

போன வாரம் என் பாப்பாவை அவள் அம்மா கூட்டி வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பாப்பா என்னை "மாமா"ன்னு கூப்பிட்டாள். அவள் அம்மா பேச்சை மாற்றினாள், நானும் சிரித்து வைத்தேன். அறைக்கு வந்து போர்வைக்குள் அழுதேன். கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரி இதையும் படிப்பார், படிக்கட்டும். இதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு யாருமில்லை.

தம்பி

ஏப்ரல் 9

அன்புள்ள வாலு,

ஜெயித்துவிட்டோம்! குழுவின் முன்னால் புள்ளிவிவரமாக அடுக்கினேன், தலைவர் கொட்டாவி விட்டார். சட்டென்று பாப்பா 'மாமா' என்று கூப்பிட்டதைச் சொல்லிவிட்டேன். பெயர் சொல்லவில்லை. கம்பெனியிலும் அப்படித்தான், வாடிக்கையாளர் புகாரைப் பெயரை எடுத்துவிட்டுத் திரையில் போடுவோம், யாருக்கும் சங்கடமிருக்காது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செய்தித்தாளிலும் வந்திருக்கிறது! அடுத்த மாதம் முதல் எல்லோருக்கும் ஃபோன். முதல் ஃபோன் பாப்பாவுக்கே இருக்கட்டும், அடுத்தது எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் நான் மட்டும்தான். எங்கும் போக மாட்டேன்.

உன் அக்கா

மே 20

அக்காவுக்கு,

நீ விடாமல் எழுதுவதால் இந்தப் பதில்.

செய்தித்தாள் இங்கேயும் வரும். பெயர் இல்லாவிட்டால் என்ன, அன்றைக்குப் பார்வையாளர் கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காது இல்லையா? இப்போது எல்லோருக்கும் நான் 'மாமா'. சாப்பாட்டு வரிசையில் "மாமா, கொஞ்சம் தள்ளு" என்கிறார்கள். கேலியாகக்கூட இல்லை, பெயராகவே ஆகிவிட்டது. பாப்பாவின் அம்மாவும் படித்திருக்கிறாள். ஊரெல்லாம் பேசும் இடத்துக்குக் குழந்தையை இனிக் கூட்டி வர மாட்டாளாம். அந்த அதிகாரி படித்தும் வாயைத் திறக்கவில்லை, அக்கா.

ஃபோன் வந்துவிட்டது. என் அறைக்காரர், வயதானவர், பல வருடம் கழித்து மனைவியின் குரலைக் கேட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்ல வேலைதான் செய்கிறாய், விட்டுவிடாதே. எனக்காகச் செய்யாதே, அவ்வளவுதான்.

போன ஞாயிறு பாப்பாவிடம் பேசினேன். என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று உன்னிடம் சொல்லப் போவதில்லை.

தம்பி