நீ கேட்ட நெருப்பு

இன்று காலை என் வீட்டுக்குக் கீழே இருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு சாவு. தப்படிக்க வந்தவர்கள் ரோட்டோரத்தில் காய்ந்த தேயிலைக் குச்சிகளைக் குவித்துத் தீ மூட்டி, தப்புகளைச் சுற்றிலும் சாய்த்துக் காய்ச்சினார்கள். அந்தப் புகையும் சூடேறும் மாட்டுத்தோலின் வாடையும் பனிமூட்டத்தோடு சேர்ந்து ஜன்னல் வழியே உள்ளே வந்தன. பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றவன், சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். செத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த வாடைக்கு நான் அறிந்த ஒரே ஆள் நீதான்.

நம் மூவர் பாட்டுக்குழுவின் கடைசி இசைத்தட்டை மறுபடி வெளியிடப் போகிறார்களாம். கொழும்பில் ஒரு இசை நிறுவனம். கட்டாரிலிருந்து லோகு சம்மதம் அனுப்பிவிட்டான். வாசிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் அவனுக்குப் பள்ளிக்கூடத்திலேயே உண்டு. இனி என் கையெழுத்துதான் பாக்கி. அதை இந்த வாரம் முழுக்கப் போடாமல் வைத்திருந்தேன். அந்த இசைத்தட்டில் ஐந்தாவது பாட்டுக்கும் ஆறாவது பாட்டுக்கும் நடுவில் நீ பேசுகிறாய். ஒரே ஒரு வாக்கியம். புதுப் பதிவில் அதை வெட்டிவிட்டார்கள். உன் பேச்சுக்குரல் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்த ஓரிடத்தில் மட்டும்தான்.

பாட்டுப் பாட நம்மை யாரும் கூப்பிடவில்லை. நுவரெலியா விடுதியில் நீ அறை சுத்தம் செய்துகொண்டிருந்த காலத்தில், ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்க் பாட்டுக் கேசட்டை எடுத்துக்கொண்டு ஹட்டனுக்கு வந்தாய். நான் அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன்; ஆங்கிலப் பாட்டென்றால் என்னைவிட யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு எனக்கு. இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "இவனுகளுக்கு வாசிக்கவே தெரியலயேடா" என்றேன். "அதான்டா விசயம். மூணே மூணு கிட்டார் கோர்ட்தான். மிச்சமெல்லாம் ஆத்திரம். கோர்ட் நீ படிச்சுக்க, ஆத்திரம் நம்மகிட்ட லயம் லயமா கெடக்கு" என்றாய்.

விடிந்ததும் வேலைக்குப் பேர் பதிய ஆட்கள் கூடும் இடத்தின் பெயரையே நம் குழுவுக்கு வைத்தாய்: பெரட்டு. எனக்குக் கிட்டார், லோகுவுக்கு பேஸ் கிட்டார், உனக்குத் தொண்டையும் உன் அப்பாவின் தப்பும். கந்தப்பளைத் திருவிழாவில் நாம் இரண்டாவது பாட்டை ஆரம்பித்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, "அந்தத் தம்பிக்கு என்னாங்க செய்யுது? தண்ணி கிண்ணி குடுங்க" என்று கேட்டது நினைவிருக்கிறதா? நீ மைக்கிலேயே, "தண்ணி வேணாம்மா, லயத்துக்கு ஒரு பைப் போட்டாப் போதும்" என்றாய். கூட்டம் சிரித்தது. மேடையில் இருந்த தோட்டச் சங்கத் தலைவர் சிரிக்கவில்லை. மூன்றாவது பாட்டுக்குக் கரண்ட் இல்லை.

கடைசி இசைத்தட்டுக்கு ‘அரைப்பேர்’ என்று பெயர் வைத்தவனும் நீதான். கொழுந்து நிறை குறைந்தால் முழுநாள் உழைப்பை அரைநாளாகப் பதிவார்களே, அந்த அரைப்பேர். உன் அம்மாவுக்குக் கடைசி வருடங்களில் வேறு பேர் விழுந்ததே இல்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் அந்த ஒலிப்பதிவுக்கூடம் குளிர்பெட்டி மாதிரி இருந்தது. நாம் யோசிக்காத ஒரே விசயம் அது. தப்பென்றால் தீ வேண்டும். அது நமக்கு மூச்சுவிடுவது மாதிரி, சொல்லி வைக்கத் தோன்றவில்லை. மலையிலிருந்து தப்பைச் சாக்கில் சுற்றி ரயிலில் பத்திரமாகக் கொண்டுபோனவர்கள், தீயை எங்கே மூட்டுவது என்று கேட்காமலே போய்ச் சேர்ந்தோம். தோல் தளர்ந்து தொப்பென்றது. ஏசியை நிறுத்தச் சொன்னாய். "மெஷின் சூடாகிடும் தம்பி, ஏலாது" என்றார் ஒலிப்பதிவாளர். வெளியே வெயிலில் நின்ற அவருடைய காரின் பொனட்டில் தப்பைக் கவிழ்த்து வைத்துக் காய்ச்சினாய். அது விறைத்ததும் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்து அடிப்பாய். பாட்டின் முதல் பாதிவரை கணீரென்று கேட்கும். பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்து, முடியும்போது ஈரச்சாக்கைத் தட்டுவது போலாகிவிடும். ஒவ்வொரு பாட்டுக்கும் இதே ஓட்டம். "தப்புகூட கொழும்புல அரைப்பேர்தான்டா போடுது" என்றாய்.

பிறகு வெயிலும் போய்விட்டது. ஐந்தாவது பாட்டு முடிந்ததும் நான் இருமினேன், கதவு திறந்தது, லோகு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான். நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரைப் பார்த்து, கத்திக் கத்திக் கரகரத்துப் போன தொண்டையோடு, மிக மெதுவாகக் கேட்டாய்: "கொஞ்சம் நெருப்பு குடுங்க சேர்."

"விளையாடுறீங்களோ? கூரையில அலாரம் கிடக்கு" என்று அவர் சொன்னது பதிவாகவில்லை. நீ கேட்டது பதிவாகிவிட்டது. அவரும் அதை எடுக்க மறந்துவிட்டார்.

விமர்சனங்கள் வந்தன. நான் எதையும் மறக்கிறவன் இல்லை. வரி வரியாகச் சொல்வேன். ஆங்கிலப் பத்திரிகை ‘தேயிலை நாட்டின் துணிச்சலான இளைஞர்கள்’ என்று எழுதி, உன் பெயரைத் தப்பாகப் போட்டது. நமக்கு வயது முப்பத்தைந்து தாண்டியிருந்தது. மலையகத்துச் சஞ்சிகை ஒன்று, எதை விட்டு விலக ஒரு தலைமுறை பாடுபட்டதோ அந்தச் சாவு மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடை ஏறுகிறார்கள் என்று வருத்தப்பட்டது. அதை வாசித்துவிட்டு நீ சிரிக்கவே இல்லை. "விலகிட்டாங்களாமா? அப்ப அவுங்க வீட்டுச் சாவுக்கு எங்கப்பனைக் கூப்பிட்டு, வாசலுக்கு வெளிய நிக்க வச்சு அடிக்கச் சொல்றது யாராம்?" என்றாய்.

ஆனால் நம்மை முடித்தது ஞாயிறு இதழில் எழுதிய அந்த விமர்சகர்தான். படித்தவர், சபைகளில் முன்வரிசை. ‘பங்க் என்பது கோபம், இது வெறும் இரைச்சல். தாளம் ஒவ்வொரு பாட்டிலும் களைத்து விழுகிறது. தமக்குத் தெரிந்த ஒரே வாத்தியத்தைக்கூட ஒழுங்காக வாசிக்கத் தெரியவில்லை.’ மற்றதையெல்லாம் நீ தாங்கினாய். அந்தக் கடைசி வரியை உன் அப்பா யாரிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டார். அதன்பிறகு நீ மேடை ஏறவில்லை. நான் அந்த மனிதருக்குப் பதில் எழுதினேன், தோல், குளிர், தீ எல்லாம் விளக்கி. அவர்கள் பிரசுரிக்கவில்லை.

அடுத்த மழையில் மலை சரிந்து இறங்கியது. லயத்தின் கடைசிக் காம்பிராக்கள், உங்கள் அறையும் சேர்த்து, போயின. நீ, உன் அப்பா, அந்தத் தப்பு, உன் போன், நாம் ஒத்திகையில் பதிந்து வைத்த கேசட்டுகள், எல்லாம் ஒரே மண்ணுக்குள். உன் சாவுக்குத் தப்படிக்க, தோட்ட மேற்பார்வையாளரான கண்டாக்கு பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் கூட்டிவர வேண்டியிருந்தது.

மண் காய்வதற்குள் அந்த விமர்சகர் மறுபடி எழுதினார். அதே இதழ், அதே பக்கம். ‘அரைப்பேர்’ ஈழத்துத் தமிழிசையின் மகத்தான பதிவாம். பாட்டின் தொடக்கத்தில் விறைத்து முடிவில் தளரும் அந்தத் தாளம், காலையில் நிமிர்ந்து மாலையில் ஒடியும் உழைப்பாளியின் உடலாம். நீ அதைத் திட்டமிட்டே செய்தாயாம். ‘சுவரு வாயத் தொறக்குது’ என்று நீ பாடியது தீர்க்கதரிசனமாம். அந்த லயத்துச் சுவரில் முன்பிருந்தே கை நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது. லயத்தில் குழந்தைகள் அதற்குள் விளையாட்டுச் சாமான் ஒளித்து வைத்தார்கள். தோட்டத்துத் துரைக்கும் தெரியும், தலைவருக்கும் தெரியும், அளந்து பார்த்துவிட்டுப் போன அதிகாரிகளுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததைச் சொன்னவனைத் தீர்க்கதரிசி ஆக்கினால், தெரிந்தும் பேசாமல் இருந்தவர்களை யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா?

இத்தனை வருடமாக இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கூட்டங்களில் எழுந்து சொல்வேன். கடிதம் எழுதுவேன். என் மனைவி, "உங்களுக்கு அவரு செத்த கவலயவிட அந்த ஆளு எழுதுன கவலதான் பெருசு" என்றாள். அவளோடும் கொஞ்சகாலம் பேசாமல் இருந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். உன் கூச்சல் எனக்கு நினைவிருக்கிறது. இசைத்தட்டைப் போட்டால் எப்போதும் கேட்கிறது. ஆனால் நீ என்னைக் கூப்பிட்ட குரல், ஒருமுறை பட்டிப்பொல ஸ்டேஷனில் ரயில் நின்றபோது குளிரில் பல் கிட்டிக்கப் பேசிய குரல், அது என் தலைக்குள்ளிருந்து மங்கிக்கொண்டே போகிறது. பிடிக்கப் பிடிக்கப் போகிறது. அது மங்கும்போதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைப் போட்டுக் கேட்பேன். எடுத்து எடுத்துப் போட்டே என் தட்டில் அந்த இடத்தில் கீறல் விழுந்துவிட்டது. இப்போது ‘கொஞ்சம்’ என்று ஆரம்பித்து ஆறாவது பாட்டுக்குத் தாவிவிடுகிறது. மூலப்பதிவு கொழும்பில் அவர்களிடம். அவர்கள் அனுப்பிய புதுப் பதிவில் அந்த இடம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

வாடை தாங்காமல் இன்று காலை அந்த நிறுவனத்துப் பெண்ணை அழைத்தேன்.

"அந்த இடத்தில கதவுச் சத்தம், ஆரோ இருமுறது எல்லாம் இருந்தது சேர். அதான் கிளீன் பண்ணினது."

"இருமுனது நான்தான். எடுத்துடுங்க. அவன் பேசுறது இருக்கணும்."

"அது பாட்டில்லையே சேர்."

"பாட்டெல்லாம் நீங்க வச்சுக்கங்க. எனக்கு அது போதும்."

அவள் சொல்லிவிட்டாள். நல்ல பிள்ளை, மறைக்கத் தெரியவில்லை. "முன்னுரை எழுதுறவர்தான் வேண்டாமெண்டவர். தாளம் தளர்ந்தது வேணுமெண்டே செய்ததெண்டு அவர் எழுதியிருக்கிறார். அதுக்கு நடுவில தோலைக் காய்ச்ச நெருப்புக் கேட்டா, கட்டுரை நிக்காது எண்டு சொல்றார்." முன்னுரை எழுதுகிறவர் யாரென்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

கீழே தீக்குள் யாரோ இன்னும் குச்சி போட்டார்கள். புகை கண்ணில் ஏறியது. வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லிக் கூர் தீட்டி வைத்திருந்த எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொன்னது வேறு.

"வேணும்னே செஞ்சதுன்னே இருக்கட்டும்மா. அவரு எழுதுனது சரிதான். நெருப்புக் கேட்டது தப்புக்கு இல்ல. சிகரட்டுக்கு. அப்படின்னு போடச் சொல்லுங்க."

"சிகரட்டுக்கா? அப்ப பிரச்சினையே இல்லையே சேர். நல்லாவும் இருக்கும். அவரும் ஒரு சாதாரண மனிசன்தானே எண்டு விளங்கும்."

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். முன்னுரையில் இருக்கும் தீர்க்கதரிசியையும் சேர்த்துத்தான்.

சிகரட் பிடிப்பவர்கள் பக்கத்தில்கூட நீ நிற்க மாட்டாய். "எனக்கு இருக்குறதே இந்தத் தொண்டதான்டா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப்போவாய். இனி அந்தத் தட்டைக் கேட்கிறவர்கள் எல்லோரும், பாட்டுக்கு நடுவே புகைக்க நெருப்புக் கேட்ட ஒருவனைக் கேட்பார்கள். ஒலிப்பதிவாளர் கனடாவுக்குப் போய்விட்டார். லோகு அன்றைக்குத் தூங்கிவிட்டான். அந்த நெருப்பு எதற்கென்று இனி நான் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழே அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நன்றாகக் காய்ந்த தோல். முதல் அடியிலிருந்து கணீரென்று கேட்கிறது. பிணம் சுடுகாட்டு முடக்கில் திரும்பிவிட்டது, தோல் இன்னும் தளரவில்லை.